பதச்சோறு

ஒரு பானைக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்.
அந்த ஒரு சோற்றின் முகவரி எனக்குத் தெரியும்:
டொலீடோ, ஒஹாயோ, கண்ணாடி ஆலைக்குப் பின்தெரு,
தபால்பெட்டி சாய்ந்து நிற்கிற வீடு.

டிவிக்குக் கீழே கறுப்புப் பெட்டியைப் பொருத்தியவன் நான்.
ஒன்றாம் பொத்தான் வெர்னா கோசிக், ஆலையில் காலை ஷிப்ட்.
இரண்டு லேலண்ட், முட்டி தேய்ந்து வீட்டோடு.
மூன்று ராய்ஸ், வயது இருபத்திமூன்று.
உட்கார்ந்தால் அழுத்துங்கள், எழுந்தால் அணையுங்கள்.
"நாய்க்கு எது?" என்றார் லேலண்ட்.
எல்லா வீட்டிலும் இதே ஜோக்.
எல்லா வீட்டிலும் சிரித்துவைப்பேன்.

அந்த ஜூனில் கூடைப்பந்து இறுதிப் போட்டி,
எங்கள் பக்கத்தில் யாரும் கொடிபிடிக்காத இரண்டு அணிகள்.
நட்சத்திரம் என்று சொல்ல ஒருவன்,
அவனுக்கும் கணுக்கால் சுளுக்கு.
பந்து எழும்பும்போதே மணி ஒன்பது,
கோப்பையைத் தூக்கும்போது தேதி மாறியிருக்கும்.
விடிந்தால் ஆலைச் சங்கு.

முதல் ஆட்டத்தில் எண்ணிக்கை சரிந்தது.
இரண்டாவதில் இன்னும்.
மூன்றாவதில் ஏறியது,
அதுவும் இளைஞர்கள், ஆண்கள்,
கார் கம்பெனிகள் தவம் கிடக்கிற வயது.
வட்டாரம் முழுக்கப் பெட்டி வைத்த வீடு நானூறு,
அதில் அந்த வயதுப் பையன்களை
விரல்விட்டு எண்ணிவிடலாம்.

சேனல் அலுவலகத்தில் ஹோலிஸ் பிராண்ட் டோனட் வாங்கிக் கொடுத்தார்.
பாதி மைதானத்திலிருந்து எறிந்த கடைசி வினாடிப் பந்துதான் காரணம் என்றார்.
பந்து எறிந்தது பதினொன்றே முக்காலுக்கு,
எண்ணிக்கை ஏறியது ஒன்பதரைக்கு.
டோனட் நன்றாக இருந்தது, நான் கேட்கவில்லை.

நான்காம் ஆட்டம், வெள்ளிக்கிழமை,
தொப்பென்று விழுந்தது.
மூன்றுக்குப் பூஜ்யம் என்றால் யார் பார்ப்பான்?
மழை இல்லை, எல்லோரும் ஏரிக்கரையில்.
கேபிளை வெட்டிவிட்டார்கள்.
பிள்ளைகள் செல்பேசியில் பத்து வினாடி பார்த்துவிட்டுப்
பல் தேய்க்கப் போகிறார்கள்.
எல்லாம் உண்மையாகவே இருக்கலாம்.
ஆனாலும் என்னை அனுப்பினார்கள்:
கோசிக் வீட்டுப் பெட்டி பழுதா பார்.

பழுதில்லை.
ராய்ஸ் எங்கே என்றேன்.
"டூசான்ல. ஜனவரிலேர்ந்து."
வெர்னா மேசையைத் துடைத்தாள்,
துடைத்த இடத்தையே மறுபடி.
லேலண்ட் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
உள்ளே வரும்போது பார்த்திருந்தேன்,
காரேஜ் கதவில் ஒரு நசுங்கல்,
பூட்ஸ் கால் அளவுக்கு.

"மூணாவது ஆட்டம் அன்னிக்கு அவன் பிறந்தநாள்.
இருந்தா பார்த்திருப்பான். அதான் அழுத்தினேன்.
பச்சையா மூணு விளக்கு எரிஞ்சுது.
படம் பிடிச்சு அனுப்பினேன், ஒண்ணும் எழுதல.
ரெண்டு நாள் பதில் இல்ல."

வெள்ளிக்கிழமை?

"போன் வந்துச்சு. இவர்தான் எடுத்தார்."
கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
"சத்தம் குறுக்க வருதுன்னு இவரே எழுந்து டிவியை அணைச்சார்.
முட்டி வலியோட.
ஆமா, யாரு ஜெயிச்சா?"

சொன்னேன்.
அப்படியா என்றார் லேலண்ட்,
வேறு யாருடைய ஊர் மழையையோ விசாரித்தவர்போல.

விதி தெளிவாக இருக்கிறது:
வீடு மாறியவரின் பொத்தானை அன்றே நீக்க வேண்டும்.
என் பையில் திருப்புளி இருந்தது,
படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமும் இருந்தது.
"கருவி சரி" என்று எழுதினேன்.
நன்றிப்பணத்தின்போது வருவதாகச் சொன்னானாம்,
வந்தால் பொத்தான் வேண்டாமா?

வேனில் ஏறி ரேடியோவைப் போட்டால்
ஹோலிஸ் பிராண்ட் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்,
மக்களுக்கு இந்த விளையாட்டின்மேல் ஆசை
ஏன் குறைந்துவிட்டது என்று,
ஏழு காரணங்களோடு.
ஐந்தாவது வரைக்கும் கேட்டேன்.
பிறகு சிக்னல் விழுந்தது.