மெல்ல மிதித்தால்

அக்-பைதால் கணவாய்க்கு
இன்னும் ஆறு வளைவு இருக்கையில் நின்றது.
இருமவில்லை, குலுங்கவில்லை.
பேசிக்கொண்டிருந்தவன் பாதிச் சொல்லில்
எழுந்து போனதுபோல்.

சாவியைத் திருப்பினேன். உடனே பிடித்தது.
அதுதான் எரிச்சல்.
சும்மா நிற்கையில் சோறு தின்ற பூனைபோல் உறுமும்.
கியரில் போட்டு மெல்ல மிதித்தால்
செத்துவிடும்.
எழுபத்தெட்டில் பிறந்த உவாஸ் ஜீப்,
என்னைவிட நான்கு வயது மூப்பு.

"மெல்ல மிதிக்கிறப்போதான் நிக்குது"
என்றாள் அய்சால்கின்.
முப்பத்திரண்டு யாக்குகளின் ரத்தம்
குழாய் குழாயாக அவள் மடிப்பெட்டியில்.
இருட்டுவதற்குள் முர்காப் சேர வேண்டும்.
உறைந்தால் அத்தனையும் வீண்.
கேட்டுக்கொண்டேன்.
கேட்டுக்கொள்வது என்றால்
பானட்டைத் தூக்கிக்கொண்டே தலையாட்டுவது.

முதல் சந்தேகம் காயில்மேல்.
ஓஷ் சந்தையில் இரண்டு ஆட்டு விலைக்கு வாங்கியது.
தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு; காய்ச்சல் இல்லை.
பிளக்கைக் கழற்றி இரும்பில் சாய்த்து
அவளைச் சாவி திருப்பச் சொன்னேன்.
டிக், டிக், டிக்.
நல்ல கொழுத்த நீலப் பொறி.
மிட்டாய் டப்பாவிலிருந்து வேறு கண்டென்சர் மாட்டினேன்.
இருபதடி ஓடியது. நின்றது.
பாயிண்ட் இடைவெளி பார்க்க
ஜூலையில் சைக்கிளில் வந்த டச்சுக்காரன்
கொடுத்த விசிட்டிங் கார்டு இருக்கிறது,
சரியான தடிமன்.
அதில் என்ன எழுதியிருக்கிறதென்று
இதுவரை நான் படித்ததில்லை.
இடைவெளியும் சரி.

"மெல்ல மிதிக்கிறப்போதான்…"
"தெரியும்" என்றேன்.

பொழுது விழுந்தது. காற்று கத்தி தீட்டியது.
டார்ச்சை அணைக்கச் சொன்னேன்.
வயரில் கசிவு இருந்தால்
இருட்டில் மயிரிழையாக நீலம் ஓடும்.
எஞ்சின் ஓட ஓட இருவரும் குனிந்து
பேன் பார்ப்பதுபோல் பார்த்தோம்.
ஒன்றும் இல்லை.
நட்சத்திரம்தான் கசிந்துகொண்டிருந்தது.

அணைத்தேன். ரத்தப் பெட்டியை
ஆட்டுத்தோல் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டு
நிறைசினைபோல் வந்து நின்றாள்.
"மிதிச்சா இதுக்குள்ள எது அசையும்?"

யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.
நானும் கேட்டுக்கொண்டதில்லை.
"அந்தத் தட்டு" என்றேன்.
"காத்து இழுக்கும். நகத்தளவு திரும்பும்."

நொண்டுகிற மாட்டின் காலை
மடக்கி மடக்கிப் பார்க்கிற விரல்
மூடியில்லாத டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போனது.
தட்டை மெதுவாகத் திருப்பினாள்.
டார்ச்சை நான் பிடித்திருந்தேன்.
துணி உறைக்குள் ஒரு குட்டி வயர்,
வெளியே முழுசு, உள்ளே அறுந்தது.
நின்றால் இரண்டு முனையும் தொட்டுக்கொள்கின்றன.
அசைந்தால் விட்டுவிடுகின்றன.

இடது கதவுப் பலகையைப் பெயர்த்து
ஸ்பீக்கர் வயரில் நான்கு விரற்கடை வெட்டினேன்.
பற்றவைக்க எதுவும் இல்லை, முறுக்கினேன்,
பல்லால் இறுக்கினேன்.
தட்டு திரும்பிப் போய்வரக் கொஞ்சம் தளர்வும் விட்டேன்.

மெல்ல மிதித்தேன்.
இன்னும் மெல்ல.
ஆறாவது வளைவு தாண்டும்வரை
இருவருமே மூச்சு விட்டதாக நினைவில்லை.
'நான்தான் சொன்னேனே' என்று
அவள் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம், மனசு லேசாகியிருக்கும்.
முர்காபில் எண்ணிப் பார்த்தோம்.
உறைந்தவை இரண்டு குழாய்.

இப்போதும் பாட்டு வலப்பக்கம் மட்டும்தான் கேட்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள்.
போன மாதம் இதே கோளாறுக்குப்
பழைய காயிலைத் திட்டித் தீர்த்து
காராகுல் ஏரியில் எறிந்தேன்.
நல்ல காயில்.
உப்புத் தண்ணீரில் கிடக்கிறது.