ஆகஸ்ட் குழாய்

ஷார்ஜா ரோல்லாவில் எங்கள் கட்டடத்துக்குப் பெயர் இல்லை.
கீழே இருக்கும் சலூன் பெயரைச் சொன்னால்
டாக்சிக்காரர் கொண்டுவந்து விடுவார்.
நான்காவது மாடி. மூன்று அறை,
பலகை அடித்து ஆறு.
ஆறுக்கும் ஒரே அடுப்பு.
ஃபிரிட்ஜ் கதவில் நேர அட்டவணை:
எனக்கு ஐந்து நாற்பது முதல் ஐந்து ஐம்பத்தைந்து வரை.
பதினைந்து நிமிஷத்தில் பருப்பு மசியாது,
சோறு வடியாது,
சண்டை மட்டும்தான் வேகும்.

அதனால் அவல்.
ஆசைப்பட்டு வாங்கியதில்லை,
கணக்குப் பார்த்து வாங்கியது.

பாக்கெட்டில் ஐந்து மொழியில் பெயர் உண்டு.
தமிழ் இல்லை.
படத்தைப் பார்த்து எடுப்பேன்.
லாண்டரியில் என்னோடு துணி மடிக்கும் எகிப்துக்காரி மனால்
முகர்ந்து பார்த்துவிட்டு
"இதுக்கு எப்போ பால் ஊத்துவே?" என்று கேட்டாள்.
ஒருநாள் அவளே ஊற்றியும் பார்த்தாள்.
அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜனவரியில் கெட்டி அவல் ஊறப் பத்து நிமிஷம்.
ஆகஸ்டில் குழாயே உலை.
மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் வெயில் குடித்து
நடுச்சாமத்திலும் சுடச்சுடத் துப்பும்.
வந்த வருஷம் இது தெரியாமல்
பத்து நிமிஷம் விட்டுவிட்டுக்
கரண்டியால் சுரண்டி எடுத்தேன்,
போஸ்டர் ஒட்டலாம் அதைக்கொண்டு.
இப்போது எண்ணுகிறேன்.
ஆகஸ்டுக்குத் தொண்ணூறு.
மே மாதம் என்றால் நூற்றைம்பது.
அதற்குள் எண்ணெய் காய்ந்திருக்க வேண்டும்,
கடுகு, கடலைப்பருப்பு, கிள்ளிய வற்றல், மஞ்சள்;
கடைசியில் எலுமிச்சை, அடுப்பை அணைத்த பிறகு.

பலகைக்கு அந்தப்பக்கம் சாங்லிக்காரி வைஷாலி.
நான் எண்ணுவதைக் கேட்டுச் சிரிப்பாள்.
ஊறவே வைக்காதே, சல்லடையில் போட்டு அலசு, போதும்.
வேர்க்கடலை போடு, ஒரு சிட்டிகை சர்க்கரை போடு.
உப்புமாவில் சர்க்கரையா?
நாங்கள் இரண்டு நாள் பேசவில்லை.
மின்ஸிக்கு வெல்லம், தேங்காய், ஏலக்காய்.
அது பலகாரம், சாப்பாடில்லை என்பது என் கட்சி.
ஆக மூன்று பாக்கெட்,
மூன்று பெயர் எழுதி, மூன்று ரப்பர் பேண்ட்.
ஒருத்தி பாக்கெட்டில் இன்னொருத்தி கைவைத்ததில்லை.

போன செவ்வாய் இரவு பன்னிரண்டரைக்கு
ஆறாம் அறைக்கு வந்தாள் பிமலா தமாங்.
பெட்டியில் விமான நிலையத்துச் சீட்டு
இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
பத்துக்கு மேல் அடுப்பு கிடையாது, அது சட்டம்.
சாப்பிட்டாயா என்று ஹிந்தியில் கேட்டது வைஷாலி.
அவள் தலையாட்டியது ஆமாமா இல்லையா
என்று ஒருவருக்கும் புரியவில்லை.

ரப்பர் பேண்டுகள் கழன்றன.
வைஷாலி சல்லடையைத் தேடினாள்.
மின்ஸி இருட்டில் வெல்லம் சீவினாள்.
நான் குழாயைத் திறந்து
ஒன்று, இரண்டு, மூன்று…

நாற்பது வருமுன்
அந்தப் பெண் கைநீட்டி
நனையாத அவலை ஒரு பிடி அள்ளி
வாயில் போட்டுக்கொண்டாள்.

கருக்.
கருக்.

எங்கள் யாரையும் பார்க்காமல் மென்றாள்.
பிறகு "சியுரா" என்றாள்,
பாக்கெட்டில் இல்லாத ஆறாவது பெயர்.
இன்னொரு பிடி.

எண்ணிக்கை எங்கே விட்டதென்று தெரியவில்லை.
என் கிண்ணம் களியாகிவிட்டது.
வீணாக்க மனமில்லாமல்
வெல்லம், சர்க்கரை, எலுமிச்சை
எல்லாம் போட்டு நாங்கள் மூவரும் தின்றோம்.
சகிக்கவில்லை.
மிச்சம் வைக்கவுமில்லை.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில்
ஒரு பிடி எடுத்து அப்படியே மென்றேன்.
கடைவாயில் அடைத்த பல் விண்ணென்றது.
முன்சீட்டிலிருந்து மனால் திரும்பி
என்ன சத்தம் என்றாள்.
கையை நீட்டினேன்.
எடுத்துக்கொண்டாள்.
பால் கேட்கவில்லை.