பூட்டுச் சின்னம்

வேட்புமனுவில் கையெழுத்து வைக்க முதல்
ராஜினாமாக் கடிதத்தில் வைத்தா.
அரச வேலையில் இருந்துகொண்டு
வாக்குக் கேட்கேலாதாம்.
அடுத்த திங்கள்
ஈச்சிலம்பற்று ஆஸ்பத்திரியில்
அவவின் அறைக்கு ஒரு பூட்டு வந்தது.
பத்து நாள் கழித்துக் கச்சேரியில்
சுயேச்சைக் குழுவுக்கு விழுந்த சின்னமும்
பூட்டுத்தான்.
சிரித்தவர்கள் சிரித்தார்கள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
அறைச் சாவி என் சட்டைப் பைக்குள் கிடந்தது.

நான் அம்புலன்ஸ் ஓட்டுகிறவன்.
அரசாங்க ஊழியன், மேடைக்குக் கிட்டவும் போகக்கூடாது.
ஆனால் ஒன்பது வருசம்
டொக்டர் சாந்தரூபியும் நானும்
பின்னால் ஆரோ ஒரு உயிருமாக ஓடிய பாதை
எனக்குப் பாடம்.
எந்த மதகில் ட்ரிப் போத்தல் ஆடும்,
எந்தப் பள்ளத்தில் பிள்ளைத்தாச்சி என்னைத் திட்டுவாள்,
எவ்விடத்தில் சிக்னல் வந்து
திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குச் சொல்லலாம்,
எல்லாம்.

அவவுக்கு மேடைப்பேச்சு வராது.
"போன மாரியில வெருகல் ஆறு பெருகின நாலு நாளில
மூண்டு பேர்" என்று தொடங்கி
மூன்று பெயரையும் சொன்னா.
அப்பன் பெயரோடு, வயதோடு.
கைதட்ட வந்த சனம்
எவ்விடத்தில் தட்டுவதென்று தெரியாமல் நின்றது.

வீடு வீடாகப் போனது இன்னும் மோசம்.
துண்டுப்பிரசுரத்தை நீட்டினால்
கிளினிக் கொப்பியை நீட்டினார்கள்.
சேனையூரில் ஒருவர்
சேர்ட்டைக் கழற்றி முதுகைக் காட்டினார்.
பின்னேரத்துக்குள் நூறு வீடு என்று
கணக்குப் போட்ட பெடியன்கள்
பதினோராவது வீட்டு வேலியடியில்
குந்திவிட்டார்கள்.

இலங்கைத்துறையில்
நண்டு கழுவிக்கொண்டிருந்த நேசமலர்
கையைத் துடைக்காமலே சொன்னாளாம்:
"உங்களுக்கு நான் போடமாட்டன் டொக்டர்.
வெண்டா சபைக்குப் போயிருவீங்க.
தோத்தாத்தானே திரும்பி வருவீங்க?
என்ட மகன்ட இழுப்புக்கு
வேற ஆரு இருக்கா?"

அவ மறுமொழி சொல்லவில்லை.
குனிந்து பொடியனின் நெஞ்சில் காதை வைத்தா.
விருப்பு இலக்கம் ஏழு என்று அச்சடித்த தொப்பி
கழன்று
நண்டுச் சட்டிக்குள் விழுந்தது.

"அவள் சொன்னதில பிழை ஒண்டும் இல்ல, தவேந்திரன்"
என்று பிறகு எனக்குச் சொன்னா.
வேறொன்றும் சொல்லவில்லை.

பிரசாரம் முடிந்து
ஒலிபெருக்கிகள் வாயை மூடின இரவு,
வாக்கெடுப்புக்கு ஒரு நாள் இருக்க,
பூநகரில் இருந்து அழைப்பு.
வயலுக்குத் தண்ணி கட்டப் போனவனுக்குப் பாம்பு.
கண்மடல் விழுகுதாம், பேச்சுக் குழறுதாம்.
பதில் டொக்டர் இன்னும் வந்து சேரவில்லை.
நான் யோசிக்கவில்லை.
விரலுக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.
கலைந்த தலையோடு வந்து
பின்னால் ஏறினா.

கங்கைப் பாலத்தடியில் மறித்தார்கள்.
தேர்தல் கடமைப் பொலிஸ்.
டோர்ச் வெளிச்சம் உள்ளே போய்
மதிலில் பார்த்த முகத்தில் நின்றது.
"வேட்பாளர்தானே? இது அரசாங்க வாகனம்."
அவ நிமிரவில்லை.
காற்றுப் பையை அமத்தி அமத்தி
எண்ணிக்கொண்டிருந்தா.
இருபத்தொன்று. இருபத்திரண்டு.
அந்தத் தேர்தலில்
நான் காதால் கேட்ட எண்ணிக்கை அதுதான்.

பொலிஸ்காரர் வண்டி இலக்கத்தை எழுதினார்.
நேரத்தையும் எழுதினார்.
தடையைத் தானே இழுத்துத் திறந்தார்.
எழுதினதைக் கிழிக்கவில்லை.

என் தபால் வாக்குப் போய்ப் பத்து நாள்.
ஆருக்கென்று அவ கேட்டதில்லை.
பேனையைப் பிடித்தபோது
நேசமலரின் குரல் காதுக்குள் இருந்ததென்று
நானும் சொன்னதில்லை.

கிண்ணியாப் பாலம் ஏறும்போது
கண்ணாடியில் பார்த்து,
"எப்பிடி?" என்றேன்.

"ஓட்டு" என்றா.

அந்த நேரத்தில்
அந்தச் சொல்லுக்கு
ஒரு பொருள்தான் இருந்தது.