அடைப்பு

காயானி நடுநிலைப் பள்ளியிலிருந்து
காலை ஏழே முக்காலுக்கு அழைப்பு.
இரண்டாம் மாடி, மாணவிகள் கழிப்பறை.
தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது, கொஞ்சம் வாருங்கள் மெர்வி.

இருபது வருஷமாகக் குழாய் பார்க்கிறேன்.
இந்த ஊரின் வயிறு எனக்குத் தெரியும்:
யார் வீட்டில் பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றுகிறார்கள்,
யார் மோதிரத்தைத் தொலைத்துவிட்டு
புருஷனுக்கு முன்னால் என்னிடம் சொல்கிறார்கள்.

பீங்கானைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
வளைவுக்குள் கையை விட்டால்
மீன்குஞ்சு மாதிரி வழுக்கி வழுக்கி
ஒன்று, இரண்டு, ஏழு வேப்கள்.
மாம்பழ மஞ்சள், தர்ப்பூசணிச் சிவப்பு.
பொம்மைக் கடையில் அடுக்கிவைத்தாலும் நம்பிவிடலாம்.
ஆசிரியையின் காலடி கேட்ட நொடியில்
அழுத்தி அனுப்பப்பட்டவை.
அனுப்பிவிட்டால் போய்விடும் என்று
பதினான்கு வயது நம்புகிறது.
எதுவும் போவதில்லை, செல்லங்களே.
வளைவில் நின்றுகொண்டிருக்கும்.

ஐந்தாவதின் அடியில்
நகப்பூச்சால் வரைந்த சின்ன நரி.
ஆரஞ்சு. ஒரு காது மட்டும் நீளம்.
அந்த நரி என் சாப்பாட்டு டப்பாவில் இருக்கிறது.
என் ஸ்பேனர் பிடியில் இருக்கிறது,
அப்போது என் கையில் இருந்த
அதே ஸ்பேனரில்.

தலைமையாசிரியர் வாசலில் நின்று கேட்டார்:
எத்தனை?
ஆறு, என்றேன்.
கையுறைக்குள் நரி சில்லிட்டுக் கிடந்தது.

மாலையில் பெற்றோர் கூட்டம்.
காபி, ஏலக்காய் ரொட்டி, யாரும் கழற்றாத கோட்டுகள்.
அந்தப் பையன்களால்தான் என்றார் ஒருவர்.
ஃபோனால்தான் என்றார் இன்னொருவர்.
கழிப்பறையைப் பூட்டுங்கள் என்றது ஒரு குரல்.
அவசரத்துக்கு எங்கே போவார்கள், உன் வீட்டுக்கா?
யாரோ சிரித்தார்கள்.
செவிலி ஐலா நுரையீரல் படம் காட்டினாள்.
பக்கத்து வீட்டு நுரையீரலைப் பார்ப்பதுபோல்
எல்லோரும் பார்த்தோம்.

எழுந்து நின்றேன்.
தொண்டையில் என்னவோ அடைத்திருந்தது,
தொழில் பழக்கம், எடுத்துவிட்டேன்.
நரியை மேசைமேல் வைத்தேன்.
இது என் வீட்டுடையது.
காலையில் பொய் சொன்னேன்.

காபி இயந்திரம் மட்டும் முனகியது.
பிறகு, பனி வாரும் வண்டி ஓட்டும் ரெய்யோ
தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே:
எங்கள் வீட்டில் மூன்று. பனிக்காலணிக்குள்.
பிறகு பல் மருத்துவர்:
சின்னவனுக்கு வாங்கிக் கொடுத்ததே
என் பெரியவன்தான்.
பிறகு தலைமையாசிரியரும், மெதுவாக.
அவர் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

முடிவு என்று பெரிதாக ஒன்றுமில்லை.
இடைநீக்கக் கடிதங்கள் மேசைக்குள் போயின.
செவ்வாய்தோறும் ஐலாவின் கதவு திறந்திருக்கும்,
உள்ளே வருபவரின் பெயர் கேட்க மாட்டாள்.
கார் டிக்கியில் வைத்து விற்பவன் யாரென்று
ரெய்யோவுக்குத் தெரியுமாம்,
அவன் அம்மாவையும் தெரியுமாம்.

வீட்டில் கெர்ட்டு நரியைப் பார்த்தாள்.
அழவில்லை.
வாய்நிறைய வார்த்தை சேர்த்து நின்ற என்னைத் தாண்டி
பால்கனிக் கதவைத் திறந்து
காலிப் பூந்தொட்டிக்கடியில் கைவிட்டு
என் சிகரெட் பெட்டியை எடுத்துவந்து
நரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.
இந்த அடைப்பை யார் எடுப்பது, அம்மா?

ஊரெல்லாம் கைவிட்டுத் துழாவியவள்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

இன்று பதினெட்டாம் நாள்.
நான் இரண்டு தடவை தோற்றேன், சொல்லிவிட்டேன்.
அவள் எத்தனை தடவை என்று கேட்கவில்லை.
பொய். ஒரு தடவை கேட்டேன்.
விரல்களைக் காட்டினாள்,
பிறகு ஒன்றை மடக்கினாள்,
பிறகு மறுபடி நீட்டினாள்.

பேருந்து நிறுத்தத்தில் மைனஸ் இருபது.
எல்லோர் வாயிலும் புகை:
கைக்குழந்தைக்கு, நாய்க்கு, ஓட்டுநருக்கு.
அவள் மூச்சும் வெள்ளையாய் எழுந்து
என் மூச்சோடு கலந்தது.
முகர்ந்து பார்க்கத் தோன்றியது.
மூக்கை மஃப்ளருக்குள்
புதைத்துக்கொண்டேன்.