ஆயிரம் நைராவின் விலை

பாடநூலின் நாற்பத்தோராம் பக்கத்தில்
பணம் ஒரு பரிமாற்றக் கருவி.
பெனின் நகரத்தில் இந்தப் பிப்ரவரி
கருவியைக் காணவில்லை.

பழைய தாள் செல்லாது என்றாயிற்று.
புதிய தாள் கண்ணில் படவில்லை.
விடியுமுன்னே வங்கி வாசலில் வரிசை,
ஏ.டி.எம். திரையில் ஒரே ஒரு வார்த்தை:
மன்னிக்கவும்.
பணம் பத்தும் செய்யும் என்பார்கள்;
என் சம்பளம் ஒன்றும் செய்யாமல்
கணக்கில் படுத்திருக்கிறது.

ஐம்பத்திரண்டு பேர் கொண்ட வகுப்பில்
வந்திருந்தது பத்தொன்பது.
கேகே வண்டிக்காரர்களுக்குத் தாள்தான் வேண்டும்,
கைபேசியில் அனுப்புகிறேன் என்றால்
இறங்கு என்கிறார்கள்.

அன்றைய செய்தித்தாளின் முதல் பக்கத்தைக் கிழித்துக்
கரும்பலகையில் ஒட்டினேன்.
'தட்டுப்பாடு விரைவில் தீரும்.'
அதன் கீழே எழுதினேன்:
பணத்துக்கு விலை உண்டா?
நல்ல கேள்வி என்று
எனக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொண்டேன்.

நோசாக்கரே எழுந்தான்.
"உண்டு சார். ஆயிரத்துக்கு இருநூற்றைம்பது.
இவியேயோட அம்மாவைக் கேளுங்க.
மஞ்சள் குடைக்குக் கீழே உட்கார்ந்து
பட்டப்பகல்ல கொள்ளை."

பெஞ்சுகள் சிரித்தன.
பின்னாலிருந்து யாரோ
திருடி மகள் என்றார்கள், எடோ மொழியில்,
எனக்குக் கேட்காது என்று நினைத்து.

இவியே அழவில்லை.
நேராக வந்து
என் கையிலிருந்த சாக்கட்டியை எடுத்துக்கொண்டாள்.

பெட்ரோல் பங்க் முதலாளிக்கு 170
(அவர் தாளைச் சும்மா தருவதில்லை)
போக வர வண்டிக்கு 25
குடையைப் பார்த்துவிட்டுப் போகும் காவலருக்கு 20

கோடு கிழித்தாள்.
மிச்சம் 35.

"இதுல நாலு மணிநேரம் காத்திருக்கிறது சேரலை,
போன வாரம் வந்த ரெண்டு கள்ளநோட்டும் சேரலை."

"பங்க் முதலாளிக்கு மட்டும் எங்கேருந்து வருது?"
அது இசோக்கென், முன்வரிசை.
நான் வாய் திறந்தேன்.
நாற்பத்தோராம் பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை,
நாற்பத்திரண்டிலும் இல்லை.

"வேணாம்னா வாங்காதீங்க," என்றாள் இவியே.
"காலையில ஏழு மணிக்கு ஆறு பேர் நின்னாங்க.
அதுல ஒருத்தர் அம்மாவை..."

என்னைப் பார்த்தாள்.
நிறுத்திக்கொண்டாள்.

கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது.
அந்த வாக்கியத்தை
அப்படியே விட்டுவிட்டிருக்கலாம்,
அவள் விட்டது போல.

"அந்த ஒருத்தர் நான்தான்," என்றேன்.
மூவாயிரம் வாங்கினேன், எழுநூற்றைம்பது கொடுத்தேன்.
பேரம் பேசினேன், படியவில்லை.
கடவுள் கேட்பார் என்று சபித்துவிட்டு வந்தேன்.

"எதுக்கு சார் அவ்வளவு?"
வண்டிக்கு, கர்ரி மாவுக்கு,
பிறகு இந்தச் செய்தித்தாளுக்கு,
முந்நூறு.
செய்தித்தாள் விற்பவனுக்கும் தாள்தான் வேண்டுமாம்.

நோசாக்கரே விரல் விட்டு எண்ணினான்.
"அப்போ முந்நூத்தி எழுபத்தஞ்சு.
தட்டுப்பாடு தீரும்னு படிக்கிறதுக்கு."

இந்த முறை நானும் சிரித்தேன்.
இவியே மட்டும் கையிலிருந்த சாக்குத்தூளைப்
பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது.
யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நான் உட்பட.
மாம்பழ நிறச் சுவரோரம்
நோசாக்கரே அவளிடம் குரலைத் தாழ்த்துவது கேட்டது:
அவன் தங்கைக்கு மருந்து,
ஆயிரம் போதும்,
உங்க அம்மாகிட்ட இருக்குமா?

"இருநூத்தி இருபது," என்றாள்,
கொஞ்சம் யோசித்துவிட்டு.

பலகையை அழிக்கப் போன கை நின்றது.
இருநூற்றிருபதில் இருநூற்றுப் பதினைந்து போனால்
ஐந்து.
ஐந்து நைராவுக்கு
இந்த ஊரில் ஒரு மிட்டாய்கூட வராது.