ஜாக்கியும் ஏழும்

ஜாக்கியும் ஏழும். சின்னம்கூட ஒன்றில்லை.
விவரமறிந்தவர்கள் இதைக் கவிழ்த்துவிட்டு
பியருக்குக் கைகாட்டுவார்கள்.
நான் ஏற்றுகிறேன், பன்னிரண்டு டாலர்.
ஏனென்றால் எனக்கு வலப்பக்கம் ஆரின் ட்வைட்
ஏற்கெனவே இரண்டு டாலரைத் தள்ளிவிட்டார்,
சீட்டைப் பார்த்தாரோ என்னவோ.

ஹாவர், மொன்டானா. செவ்வாய் இரவு.
மதுக்கடைப் பின்னறையில் ஒரே மேசை,
வெளியே மைனஸ் இருபத்தாறு.

கோடையில் நான் ஆலங்கட்டிக்கு விலை சொல்பவள்.
கோதுமை வயலில் மண்டியிட்டு
நூறு தண்டுக்கு எத்தனை ஒடிந்தன என்றெண்ணி
காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிப்போடுபவள்.
பனி விழுந்தபின் எண்ண ஒன்றுமில்லை,
ஆரினை எண்ணுகிறேன்.

ஆரின் எதையும் கவிழ்க்கமாட்டார்.
சின்ன ஜோடி, ஒற்றை ராணி, ஒன்றுக்கும் ஆகாத ஒன்று,
எல்லாவற்றையும் கடைசிச் சீட்டுவரை கூட்டிவருவார்,
டிக்கெட் வாங்கியாயிற்று, நடுவில் இறங்குவானேன் என்பதுபோல.
நல்லது வந்தால் மட்டும்
கோப்பையை ஒரு விரல் தள்ளி வைப்பார்.
இது எனக்குத் தெரியுமென்று அவருக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவரிடம் ஏஸ்களுக்காகக் காத்திருப்பது வீண்.
ஆலையில்லா ஊர், இலுப்பைப்பூ போதும்.

டெக்ஸ் அஷ்யூர் கவிழ்க்கிறான், உதட்டோரம் சிரித்து.
அவனுக்குப் புரியும்.
இரவுப்பணிக்குக் கிளம்பவேண்டிய ஆஸ்பத்திரிப் பையனும்.
இதற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு: தனிமைப்படுத்துவது.
மற்றவர்களை விலைசொல்லி விரட்டிவிட்டு
எளியவரோடு மட்டும் மிஞ்சுவது.
ஆரின் விஷயத்தில்
பாதி வேலையை யாரோ முன்பே முடித்திருந்தார்கள்.

மார்லிஸ் மூன்றைத் திறக்கிறாள்:
கிளாவர் ராஜா, ஏழு, இரண்டு.
எனக்கு நடு ஜோடி. இருபது வைக்கிறேன்.
ஆரின் எண்ணாமலே இருபது.
அடுத்தது நான்கு. ஆரின் மேசையைத் தட்டுகிறார்.
நாற்பதை விரல்களில் எடுத்துவிட்டேன்,

அப்போது பதினொன்று நாற்பது சரக்கு வண்டி.
விளக்கு ஆடுகிறது. சில்லுகள் பற்கள்போல் கிடுகிடுக்கின்றன.
நாங்கள் எல்லோரும் வழக்கம்போல் பேச்சை நிறுத்தி
அது கடக்கக் காத்திருக்கிறோம்.
ஆரின் மட்டும் தலைசாய்த்து
தொண்டையில் ஏதோ கணக்கிடுகிறார்.

தடக் தடக் தடக், நடுவே ஒரு
டொக்.

“சக்கரம் ஒன்று தட்டையாகிவிட்டது.”
எழுந்தார். சீட்டை வீசிய விதம்
வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல்.
இரண்டு குளிர்காலத்தில் முதல்முறையாகக் கவிழ்த்தார்,
ஆனால் அவை மார்லிஸின் கையில் பட்டு மல்லாந்தன:
இஸ்பேட் ராஜா. ஆட்டின் ராஜா.

யாரும் பேசவில்லை.
மார்லிஸ் என்னிடம் தள்ளினாள், விதிப்படி,
அறுபத்தேழு டாலர்.

முன்கடையிலிருந்து அவர் குரல், போனில்:
“கிழக்கே போவது. நாற்பதாவது பெட்டிக்குப் பக்கத்தில்.
இல்லை, இல்லை தம்பி.
நான் இப்போது அங்கே வேலையில் இல்லை.”

அவர் இடத்தில் ஓர் ஈர வளையம்.
அதற்கு ஒரு விரல் தள்ளி, கோப்பை.
எப்போது நகர்த்தினார்? நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

“அவருக்கும் போடவா?” என்றாள் மார்லிஸ்.
“போடு,” என்றான் டெக்ஸ், நான் வாய் திறக்குமுன்.
ஆளில்லாத நாற்காலிமுன் இரண்டு சீட்டு.

எனக்கு ராணியும் எட்டும்.
கவிழ்த்தேன்.