இரண்டரைக் குதிரை

கூரியர் கந்தோரில் கேட்டார்கள்: பார்சலில் என்ன?
புல்லி, என்றேன்.
என்னது?
'ல்'லை இன்னொருதரம் அழுத்திச் சொன்னேன்.
இந்த ஊரில் சில சொற்களுக்குப்
புள்ளி வைத்த எழுத்து ஒன்று கூடுதலாகத் தேவை.

முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.
நீலம் பூசிய அலுமினியம்,
கையில் எடுத்தால்
அரைக்கிலோச் சீனிப் பை.
பெட்டியில் எழுதியிருந்தது:
எஞ்சின் சுழற்றும் பாரம் குறைந்தால்
சில்லுக்குப் போகும் பலம் கூடும்,
இரண்டரைக் குதிரை.
அந்த அரைக் குதிரையை மட்டும்
நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்,
முன்பாதியா, பின்பாதியா என்று.

யூட்டின் கராச் குருநகரில்.
லான்சரின் வயிற்றுக்குள் கைவிட்டுப்
பழைய புல்லியைக் கழற்றிக் கீழே வைத்தான்.
சீமெந்துத் தரை டம் என்றது.
"இரண்டு கிலோ இவ்வளவு நாளும் சும்மா சுத்திக்கொண்டு இருந்திருக்கு,"
என்றேன்.
யூட் ஒன்றும் சொல்லவில்லை.
கூலி ஆறாயிரம்.

பண்ணைப் பாலத்தில் ஓடிப் பார்த்தோம்.
விடிய ஐந்தரை,
இறால் பிடிக்கத் தண்ணீருக்குள் நின்றவர்கள் மட்டும் சாட்சி.
மயூரதன் போனில் நேரம் பிடித்தான்,
பூச்சியத்திலிருந்து எண்பதுவரை.
பழையதோடு பதினொன்று தசம் நான்கு என்று
போன கிழமை எழுதி வைத்திருந்தோம்.
இப்போது, பதினொன்று தசம் ஒன்று.
கத்தினோம்.
திரும்பித் தீவுப்பக்கம் பார்த்து ஓடினால்
பதினொன்று தசம் ஏழு.
சோளகம்.
பழையதை எந்தப் பக்கம் பார்த்து ஓடினோம் என்று
இருவருக்கும் ஞாபகமில்லை.

ஆனாலும் வேகம் கூடித்தான் இருந்தது.
முதுகுக்குத் தெரியும்.

கஸ்தூரியார் வீதியில் எனக்கு மருந்துக்கடை.
விற்றமின் குளிசை போட்டு
மூட்டுவலி பறந்துவிட்டதென்று
வெறும் அட்டையோடு வந்து நிற்பவர்களை
இருபது வருசமாகக் கண்டிருக்கிறேன்.
சிவப்புக் குளிசை என்றால் இன்னும் கெதியாய்ப் பறக்கும்.
என்னுடையது நீலம்.

பிறகு மத்தியானங்கள் வந்தன.
நாவற்குழியில் ரயில் கேற் பூட்டிக் கிடந்தபோது
ஏசி, யாரோ வாயால் ஊதுவதுபோல் ஊதியது.
தர்ஷாயினி கண்ணாடியை இறக்கினாள்.
புதியது சுற்றளவிலும் சிறிசு,
கம்பிரசரும் மெதுவாகத்தானே சுத்தும், என்று விளக்கினேன்.
"அப்ப முப்பத்தெட்டாயிரத்துக்கு
வெக்கை வாங்கியிருக்கிறியள்."
இரவில் சந்தியில் நின்றால் லைற் மங்கும்,
அக்சிலேற்றரைத் தொட்டால் கண் விழிக்கும்,
நித்திரை தூங்கும் காவலாளி மாதிரி.
அதையும் பொறுத்திருப்பேன்.
மூவாயிரம் சுற்றில் ஒரு நடுக்கம்:
உள்கண்ணாடியில் பின்னால் வரும் காரைநகர் பஸ்
இரண்டு பஸ்ஸாகும்.

மூன்றாம் மாதம் திரும்பப் போனேன்.
யூட் பழையதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான்.
உள்ளிரும்புக்கும் வெளியிரும்புக்கும் நடுவில்
கறுப்பாய் ஒரு ரப்பர் வளையம்,
நகம் வைத்தால்தான் தெரியும்.
ஒவ்வொரு வெடிக்கும் கிராங் முறுகும்.
அந்த முறுகலை இது தின்னும்.
இது இல்லாவிட்டால் பெயாரிங் தின்னும்.
"இதையும் சேர்த்துத்தான் கழட்டினனாங்கள்."
ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை?
"பூட்டச் சொன்னியள். கேக்கேல்லை."

இப்போது நீலம் கடை மேசையில்,
மின்விசிறிக்குத் துண்டுகள் பறக்காமல்
டொக்டர்மாரின் கையெழுத்துக்குமேல் இருக்கிறது.
வாங்கலாமோ என்று கேட்கும் பொடியளுக்கு
வேண்டாம் என்கிறேன்,
அந்தக் காசுக்கு நல்ல ரயர் ரெண்டு போடுங்கோ.
தலையாட்டிக்கொண்டே அதைக் கையில் எடுத்துப்
பாரம் பார்க்கிறார்கள்.
கண் விரிகிறது.
எனக்குத் தெரியும் அந்தக் கண்.

நேற்று விடிய, பழைய புல்லியோடு,
தனியே பண்ணைப் பாலத்தில் ஓடினேன்.
யாழ்ப்பாணம் பார்த்து.
காற்று பின்னால் நின்றது.
நேரம் பிடிக்கவில்லை.